ஊர்க் குழுவுக்கு ஒரு யாப்பு: பதிவு நீக்கம், தனியுரிமை, முறைப்பாடு – அட்மின்களுக்கான முழுமையான வழிகாட்டி

போன வருடம் கோயில் திருவிழா முடிந்து மூன்றாம் நாள், விடிய ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. டொரோண்டோவில் அப்போது முந்தின நாள் பின்னேரம் ஏழரை. எங்கள் ஊரில் பிறந்து, 30 வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கும் ஒரு பெரியவர் பேசினார். "தம்பி, நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஒருக்காச் சொல்லும்." அவர் கத்தவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

அதற்கு முதல் நாள் அவர் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் திருவிழா வரவுசெலவைக் கேட்டிருந்தார். இரண்டு பேர் சூடாகப் பதில் போட்டார்கள். சண்டை வரப்போகிறது என்று பயந்து நான் பதிவை அழித்தேன், அவரையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். அவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் மீறிய விதி என்று ஒன்று எங்கள் குழுவில் இருக்கவே இல்லை. இரண்டு நாளில் அவருடைய ஆட்கள் இன்னொரு குழு தொடங்கினார்கள். ஊர் இரண்டு பட்டது.

அதன் பிறகு நாங்கள் ஐந்து பேர் சனசமூக நிலையத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கூடி, குழுவை முதலிலிருந்து ஒழுங்குபடுத்தினோம். அப்போது கற்றுக்கொண்டதைப் படிப்படியாக இங்கே தருகிறேன். பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம், ஒழுங்கைக் குழு எதற்கும் இது பொருந்தும்.

படி 1: உங்கள் குழுவில் எது யாருக்குத் தெரிகிறது என்று பாருங்கள்

வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவருடைய தொலைபேசி எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையை அவளுடைய மாமா ஊர்க் குழுவில் சேர்த்துவிடுகிறார் என்று வையுங்கள். அன்றைக்கே அவள் எண் நூற்றுக்கணக்கான அறியாத ஆட்களின் கைக்குப் போகிறது. எங்கள் குழுவில் அப்படிச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு ஒரே வாரத்தில் நாலு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தாய் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

குழு பெரிதானால் வைபர் கம்யூனிட்டி நல்லது, அங்கே உறுப்பினர் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. டெலிகிராமில் எண்ணை மறைக்கும் வசதி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஆனால் நம் சனம் வாட்ஸ்அப்பை விட்டு வராது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் இந்த நான்கையும் இன்றைக்கே செய்யுங்கள்:

- குழு அமைப்பில், புதிய உறுப்பினரை அட்மின் அனுமதித்த பிறகே சேரும்படி மாற்றுங்கள்.
- அழைப்பு இணைப்பை ரீசெட் செய்யுங்கள். 2020 பெப்ரவரியில் பல வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தன. யாரோ ஒரு பொதுப் பக்கத்தில் பகிர்ந்த இணைப்பு அங்கேயே கிடக்கும்.
- உறுப்பினர்கள் தங்கள் போனில், தங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'எனது தொடர்புகள்' என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.
- ஒருவரைச் சேர்க்கும் முன் அவரிடம் கேளுங்கள். "உம்மட நம்பர் எல்லாருக்கும் தெரியும், பரவாயில்லையோ?" என்ற ஒரு வரி போதும்.

முகநூல் குழு நடத்துகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பெயர் தெரியாமல் பதிவிடும் வசதி இருந்தாலும் அட்மின்களுக்கும் மொடரேட்டர்களுக்கும் பெயர் தெரியும். இதை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன் பெயர் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பி ஒரு பெண் வீட்டுப் பிரச்சினையை எழுதுகிறாள், அட்மின் அவளுடைய சித்தப்பாவாக இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இது நடக்காத காரியம் இல்லை.

படி 2: போடக்கூடாததைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"தனிப்பட்ட தகவல்களைப் பகிர வேண்டாம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, கிளினிக் அட்டை, பரீட்சைச் சுட்டெண் என்று பொருளின் பெயரைச் சொல்லி எழுத வேண்டும்.

அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். அது வெறும் எண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூடும். 1987561 என்று ஒரு எண் தொடங்கினால் அது 1987இல் பிறந்த பெண். 561இல் 500ஐக் கழித்தால் 61. இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், ஆகவே மார்ச் 1. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடத்துக்கு மட்டும் இரண்டு இலக்கம். பெயரும் இந்த எண்ணும் ஒரு படத்தில் இருந்தால் பிறந்த திகதியும் சேர்ந்தே போய்விட்டது. வங்கியிலும் தொலைபேசி நிறுவனத்திலும் ஆளை உறுதிப்படுத்தக் கேட்பதும் இவற்றைத்தான்.

2020 ஊரடங்கு நேரம் உலர் உணவுப் பொதிக்கான பெயர்ப்பட்டியல் ஒன்றை நான் அப்படியே குழுவில் போட்டேன். 80க்கு மேற்பட்ட குடும்பம், பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து எல்லாம் இருந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் போட்டது. அந்தப் படம் இன்றைக்கு எத்தனை போனில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

இதில்தான் எங்கள் ஊர்களின் பெரிய சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்கள் காசு போய்ச் சேர்ந்ததற்குப் படம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு, முன்பு ஏமாந்தவர்கள் அவர்கள். ஆனால் பொதியை வாங்கும் தாய் ஏன் 600 பேருக்கு முன்னால் நிற்க வேண்டும்? அவளுடைய பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் யாருடைய முகத்தைப் பார்ப்பது? நாங்கள் இப்போது செய்வது இது: கையெழுத்திட்ட பற்றுச்சீட்டின் பிரதியை, அடையாள அட்டை எண்ணை மறைத்து, காசு தந்தவருக்கு மட்டும் தனியாக அனுப்புகிறோம். குழுவில் "இத்தனை குடும்பம், இவ்வளவு ரூபா, மீதி இவ்வளவு" என்று கணக்கு மட்டும் போடுகிறோம். முதல் மாதம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். அவர்களை அழைத்து விளக்கினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவ உதவி கேட்கும் பதிவுக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும், சிறு பிள்ளை என்றால் தாய் தகப்பனின் சம்மதம். கிளினிக் இலக்கத்தை மறையுங்கள், தொகை சேர்ந்தவுடன் பதிவை எடுங்கள். புலமைப்பரிசில், சாதாரண தரப் பெறுபேறுகளைச் சுட்டெண்ணோடு போடாதீர்கள், அந்த எண் இருந்தால் யாரும் பெறுபேற்றை இணையத்தில் எடுக்கலாம். மரண அறிவித்தல் போடுவது நம் வழக்கம், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் போகும் தொலைபேசி எண்களை வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் போடுங்கள். சிசிரிவி படத்தைப் போட்டு "இவன்தான் கள்ளன்" என்று எழுதுவதற்கு எங்கள் குழுவில் இடமே இல்லை. படம் பொலிஸுக்குப் போகட்டும். ஒரு பெடியனின் படம் அப்படிப் போய், அவன் சைக்கிள் திருத்த வந்தவன் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவன் முகம் சுன்னாகம் வரைக்கும் போய்விட்டது.

படி 3: ஒரு பக்க யாப்பு

சனசமூக நிலையங்களுக்கு யாப்பு, அதாவது எழுதி வைத்த விதிகள், உண்டு, பொதுக்கூட்டம் உண்டு, யாரை எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்பதும் அதில் எழுதியிருக்கும். நம் அப்பு ஆச்சிமார் காலத்திலேயே இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. போனுக்கு வந்தவுடன் ஏன் விட்டுவிட்டோம் என்று தெரியவில்லை.

யாப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். விதி ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது, இன்ன பதிவு இதில் அடங்குமா இல்லையா என்று இரண்டு பேர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வர வேண்டும். "அநாகரிகமான பதிவுகளுக்கு இடமில்லை" என்பது விதி அல்ல, அட்மினுக்குப் பிடிக்காத எதையும் அதற்குள் போடலாம். எங்கள் விதி இப்படி: "ஒருவரின் சாதி, சமயம், குடும்பம், உடல் பற்றி இழிவாக எழுதினால் பதிவு நீக்கப்படும்." எந்த ஊரில் எந்தச் சொல் ஆளைப் புண்படுத்தும் என்று அந்த ஊருக்குத் தெரியும், அதை எழுதக் கூச்சப்படாதீர்கள்.

நீக்கக்கூடாதவை எவை என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது. எங்கள் யாப்பின் நான்காம் விதி: "பொதுக் காசு பற்றிய கேள்வியை, அது எவ்வளவு கடுமையாகக் கேட்கப்பட்டாலும், யாரும் நீக்க முடியாது. அதில் உள்ள வசைச் சொல்லை மட்டும் திருத்தி மீண்டும் போடும்படி கேட்கலாம்."

எழுதிய யாப்பைக் குழுவில் போட்டு இரண்டு வாரம் கருத்துக் கேளுங்கள். பிறகு குழு விவரத்தில் ஒட்டிவிடுங்கள்.

படி 4: நீக்கும்போது சொல்ல வேண்டிய மூன்று

எந்தப் பதிவு, எந்த விதி, எங்கே முறையிடலாம். இந்த மூன்றும் இல்லாமல் எதையும் நீக்காதீர்கள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. 2018இல் அமெரிக்காவில் சில மனித உரிமை அமைப்புகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து, பெரிய நிறுவனங்கள் பதிவுகளை நீக்கும்போது கடைப்பிடிக்க வேண்டியவை என்று சாந்தா கிளாரா கோட்பாடுகளை எழுதினார்கள். எத்தனை பதிவு நீக்கினோம் என்று வெளியிடுவது, நீக்கியதை ஆளுக்கு அறிவிப்பது, மேன்முறையீட்டுக்கு இடம் கொடுப்பது என்ற மூன்றுதான் அதன் அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ இருக்கும் உங்கள் உறுப்பினரின் பதிவை முகநூல் நீக்கினால், அதற்கான காரணத்தை அது அவருக்குத் தர வேண்டும். முறையிட ஆறு மாதமாவது அவகாசமும் கொடுக்க வேண்டும். கோடிக்கணக்கான ஆட்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது கட்டாயம் என்றால், ஊர்ச் சனத்துக்கு நாம் செய்ய முடியாதா?

நாங்கள் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும், குழுவில் அல்ல, ஆளுக்குத் தனியாக:

"வணக்கம் அக்கா. இன்று காலை 9.10க்கு நீங்கள் போட்ட படத்தில் ஒருவரின் அடையாள அட்டை எண் தெரிகிறது. விதி 2இன்படி நீக்கியிருக்கிறோம். எண்ணை மறைத்து மீண்டும் போடலாம். இது பிழை என்று நினைத்தால் மூன்று நாளுக்குள் முறைப்பாட்டுக் குழுவுக்கு எழுதுங்கள்."

வாட்ஸ்அப்பில் அட்மின் ஒரு பதிவை எல்லோருக்கும் அழிக்கலாம், அழித்த அட்மினின் பெயர் அந்த இடத்தில் நிற்கும். அது நிற்பது நல்லதுதான். அழிக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு முறைப்பாடு வந்தால் பார்க்க எதுவும் இல்லாமல் போய்விடக்கூடாது. ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஒருவருடைய அந்தரங்கம்தான். ஒரே ஒரு ஆளின் போனில் இருக்கட்டும், முறையீட்டுக் காலம் முடிந்தவுடன் அழியுங்கள். ஒரு கொப்பியில் திகதி, விதி இலக்கம், நீக்கியவர் பெயர் மட்டும் எழுதி வைத்தால் போதும்.

ஆளை நீக்குவது கடைசி வேலை. முதல் தடவை செய்தி, இரண்டாம் தடவை ஒரு வாரம் ஒதுக்கி வைப்பது, மூன்றாம் தடவை நீக்கம். மிரட்டல், நிர்வாணப் படம் போன்றவற்றுக்கு மட்டும் உடனே நீக்கலாம்.

படி 5: முறைப்பாட்டுக் குழு

மூன்று பேர் போதும். ஒருவர் ஊரில் இருப்பவர், ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர், ஒருவர் பெண். பெண் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் எங்களுக்கு வந்த தனியுரிமை முறைப்பாடுகளில் அதிகமானவை பெண்களிடமிருந்து வந்தவை. ஐந்து ஆண்கள் இருக்கும் இடத்துக்கு அவர்கள் எழுதவே மாட்டார்கள்.

பதிவை நீக்கிய அட்மின் அந்த முறைப்பாட்டை விசாரிக்கக்கூடாது. பதிவு கோயில் சபையைப் பற்றியது என்றால் சபையில் இருப்பவர் விலகி நிற்க வேண்டும், அவருடைய மச்சானும்தான். நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், முழுக்க விலகிய ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் உறவைக் குழுவில் சொல்லிவிட்டு விசாரியுங்கள்.

முடிவுக்கு 72 மணித்தியாலம் வைத்திருக்கிறோம். கோடை காலத்தில் டொரோண்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், லண்டனுக்கு நாலரை. 24 மணித்தியாலம் என்று வைத்தபோது வெளிநாட்டு உறுப்பினர் நித்திரையில் இருக்கும்போதே முடிவு எடுக்கப்பட்டது. முடிவைக் காரணத்தோடு எழுதி இரண்டு பக்கத்துக்கும் அனுப்புங்கள். அட்மின் செய்தது பிழை என்றால், பதிவை மீண்டும் போட்டு, குழுவிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும். நீக்கியது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் நடந்தது, மன்னிப்பு மட்டும் ஏன் தனியாக?

படி 6: "என்ர படத்தை எடுங்கோ"

குழுவில் போன ஒரு படத்தில் இருப்பவர், தான் குழுவில் இல்லாவிட்டாலும், அதை எடுக்கும்படி கேட்கலாம். கேட்டால் உடனே எடுங்கள், காரணம் பிறகு பார்க்கலாம். கலியாண வீட்டுப் படம்தானே என்று சொல்லாதீர்கள். வீட்டை விட்டுப் பிரிந்து வாழும் ஒரு பெண்ணுக்கு, அவள் இன்றைக்கு எந்த ஊரில் நிற்கிறாள் என்று அந்தப் படம் காட்டிக்கொடுக்கலாம்.

முறைப்பாடு செய்தவர் யார் என்பதை ஒருபோதும் சொல்லாதீர்கள். "ஆர் சொன்னது எண்டு சொல்லுங்கோ, நான் கதைக்கிறன்" என்று கட்டாயம் கேட்பார்கள். மூத்தவர் கேட்டாலும், காசு தந்தவர் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

குழுவில் பேசியது வெளியே போவதைத் தொழில்நுட்பத்தால் முழுதாகத் தடுக்க முடியாது. வாட்ஸ்அப் 2025இல் கொண்டுவந்த மேம்பட்ட உரையாடல் தனியுரிமையைப் போட்டால் உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்ய முடியாது, ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். இதை உறுப்பினர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். யாராவது ஒரு குழுவை வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட் செய்தால், கடைசியாக வந்த ஐந்து செய்திகள் அந்த நிறுவனத்துக்குப் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

உறுப்பினர் பட்டியலை அதிகாரி என்று சொல்லி யாராவது தொலைபேசியில் கேட்டால் கொடுக்காதீர்கள். எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள், எழுத்து வந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

படி 7: சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் இரண்டு சட்டங்களை அட்மின் அறிந்திருக்க வேண்டும். ஒன்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். நோய் பற்றிய தகவலும் பிள்ளைகளின் தகவலும் அதில் கூடுதல் பாதுகாப்புப் பெற்றவை. ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தகவலை வைத்திருப்பது அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் 600 பேர் பார்க்கும் சங்கக் குழுவை வீட்டு விடயம் என்று சொல்லித் தப்பலாம் என்று நான் நம்பவில்லை. சுவீடனில் ஒரு தேவாலயத் தொண்டர் தன்னோடு வேலை செய்தவர்களைப் பற்றி இணையப் பக்கம் ஒன்று எழுதினார். அதில் ஒருவருக்குக் காலில் காயம், பாதி நேரம்தான் வேலைக்கு வருகிறார் என்று இருந்தது. கெட்ட எண்ணமே இல்லை. 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம், இது வீட்டு விடயம் அல்ல, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. நம் குழுக்களில் தினமும் வரும் "இன்னாருக்கு ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன்" என்ற பதிவுகளை நினைத்துக்கொண்டு அதை வாசித்தேன்.

மற்றது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கோடு அவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிடுவது அதில் குற்றம், வெளியிடுபவர் வெளிநாட்டில் இருந்தாலும்தான். பொய்க் கூற்று என்பதற்கு அது தரும் விளக்கம் மிக அகலமானது என்று கடும் விமர்சனம் உண்டு, அந்த விமர்சனத்தோடு நான் உடன்படுகிறேன். ஊர்ச் சண்டையில் எடுத்ததற்கெல்லாம் இந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள்.

உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பா என்று கேட்பவர்கள் அதிகம். கேரள உயர் நீதிமன்றம் 2022இல், அட்மின் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்றது. அது இந்தியத் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது. தெரிந்தும் விட்டுவைத்தால் நிலைமை வேறு.

குழுவால் தீர்க்க முடியாதவையும் உண்டு. நிர்வாணப் படம் பரவினால் முறைப்பாட்டுக் குழு கூட்டிக்கொண்டிருக்காதீர்கள். 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு, மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போய், அங்கே அந்தப் படத்தைத் தடுக்க உதவும். பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 1929, பெண்களுக்கு 1938, கணக்கு ஊடுருவப்பட்டால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101. இந்த மூன்று எண்களையும் யாப்பின் அடியில் எழுதி வையுங்கள்.

படி 8: அட்மின் மாறும்போது

குறைந்தது மூன்று அட்மின், வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் தெரிவு. விலகுபவர் கொப்பியை ஒப்படைத்து, தன் போனில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் பட்டியல்களையும் புதியவருக்கு முன்னால் அழிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

டொரோண்டோப் பெரியவரிடம் நான் குழுவில் மன்னிப்புக் கேட்டேன், வரவுசெலவும் இரண்டு பக்கமாகக் குழுவில் வந்தது. பெயர் போட விரும்பாத உபயகாரர்களுக்கு "அன்பர்" என்று மட்டும் எழுதியிருந்தோம், அதை அவரே கேட்டுக்கொண்டார். இப்போது முறைப்பாட்டுக் குழுவின் வெளிநாட்டு உறுப்பினர் அவர்தான். போன மாதம் நான் நீக்கிய ஒரு பதிவை மீண்டும் போடச் சொல்லி ஆறு வரியில் காரணம் எழுதியிருந்தார், விதி இலக்கத்தோடு. அன்று பின்னேரமே போட்டுவிட்டேன்.